எங்கள் பெயர் இருந்தது, கதிரை இருக்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கிறபோது ஆறுதலாக வாசியுங்கள். தமிழ் நண்பர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் பிறந்தால் எங்கள் ஆட்களின் பக்கங்களில் 1990 வந்துவிடும். ஒலிபெருக்கி, ஜின்னா மைதானம், இரண்டு மணித்தியால அவகாசம், கையில் சிலருக்கு 150 ரூபா, சிலருக்கு அதுவும் இல்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த நாளுக்குப் பிறகும் இந்த நாட்டில் சமாதானப் பேச்சு நடந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. அந்தப் பேச்சுகளில் எங்கள் விடயம் எப்படிக் கையாளப்பட்டது என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. போன தவணை ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டது: "சேர், 2002இல சமாதானம் வந்ததுதானே, அப்ப ஏன் எங்கட ஆட்கள் திரும்பி வரேல்ல?" ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல. அதனால்தான் இந்தப் பதிவு.

கதையை 1985இலிருந்து தொடங்க வேண்டும். பூட்டானின் தலைநகர் திம்புவில் அந்த வருடம் ஜூலையிலும் ஓகஸ்டிலும் இரண்டு சுற்றுப் பேச்சு நடந்தது. ஜே.ஆரின் சகோதரர் எச்.டபிள்யூ. ஜயவர்தன அரச தரப்புக்குத் தலைமை. மறுபக்கம் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஐந்து இயக்கங்களும். ஆறு தமிழ் அமைப்புகள் ஒன்றாக உட்கார்ந்தது பெரிய விடயம்தான். திம்புக் கோட்பாடுகள் என்று இன்றுவரை பேசப்படும் நான்கு கோரிக்கைகள் அங்கேதான் வந்தன. ஆனால் வடக்கு கிழக்கின் எதிர்காலம் பேசப்பட்ட அந்த இடத்தில், கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த சமூகத்தின் சார்பில் யாரும் இல்லை. அழைக்காதது ஒரு பக்கம். அழைத்திருந்தால் போவதற்கு எங்களிடம் ஒரு அமைப்பு இருந்ததா என்பது இன்னொரு பக்கம். அஷ்ரப் அவர்கள் 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் அரசியல் கட்சியாக வடிவெடுத்தது அதற்கு அடுத்த வருடம், 1986இல்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முஸ்லிம்கள் தமிழ் அரசியலோடு எப்போதும் ஒட்டாமல் இருந்தார்கள் என்ற பேச்சு சரியல்ல. தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி "தமிழ் பேசும் மக்கள்" என்ற சொல்லை எங்களையும் சேர்த்துத்தான் கட்டியது. 1956இல் பொத்துவிலிலும் கல்முனையிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் அந்தக் கட்சியில் நின்று வென்றார்கள். (பிறகு கட்சி மாறினார்கள் என்பதும் உண்மை. மறைக்கத் தேவையில்லை.) 1977இல் மர்ஹூம் அஷ்ரப் கூட்டணியின் மேடைகளில் ஏறிப் பேசினார். சோனகத் தெருவிலும் ஐந்து சந்தியிலும் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவினைப் பேச்செல்லாம் அந்தக் காலத்தில் அவ்வளவு புரிந்திருக்காது. கடைக்கு வருகிறவர் தமிழர், கடைக்காரர் முஸ்லிம், பேசுவது ஒரே யாழ்ப்பாணத் தமிழ்.

1987 ஜூலை 29. ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கொழும்பில் கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடங்கள், அவர்கள் அங்கே ஏனைய இனத்தவரோடு சேர்ந்து வாழ்ந்து வந்திருக்கிறார்கள் என்று. அந்த வரியில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? "தமிழ் பேசும் மக்கள்" என்பதற்குள்ளா, "ஏனைய இனத்தவர்" என்பதற்குள்ளா? எழுதியவர்களுக்கே தெரிந்திருக்குமோ தெரியாது. இரண்டு மாகாணங்களும் இணைக்கப்பட்டபோது கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். 1988 முடிவதற்குள் கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன சர்வசன வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை. கிழக்கு முஸ்லிம்களின் கோபம் அங்கேதான் பிறந்தது. 1988 நவம்பரில் நடந்த வடக்கு கிழக்கு மாகாணசபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களை எடுத்தது அந்தக் கோபத்தின் பலன்.

அதே 1988இல் இன்னொரு முயற்சியும் நடந்தது. முன்னாள் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் தலைமையில் ஒரு முஸ்லிம் குழு சென்னைக்குப் போய் விடுதலைப் புலிகளோடு பேசியது. புலிகள் தரப்பில் கிட்டு. முஸ்லிம்கள் தமிழைப் பேசினாலும் தனித்துவமான இனக் குழு என்று ஏற்கும் ஓர் இணக்கம் அங்கே எழுதப்பட்டது. எங்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் இதை ஒரு துரோகக் கதையாக மட்டும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புலிகளும் முஸ்லிம்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து எழுதிய ஒரு தாள் 1988இலேயே இருந்திருக்கிறது. அந்தத் தாளை இரண்டு பக்கமும் காப்பாற்றவில்லை. இரண்டே வருடத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல், ஏறாவூர், அதன் பிறகு நாங்கள்.

1990 ஜூனில் பிரேமதாசவோடு புலிகள் நடத்திய பேச்சு முறிந்தது. ஓகஸ்டில் காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினரால் தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளும் அதே காலத்தவை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. வடக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எங்களிடம் ஊர்காவல் படையும் இல்லை. ஆனாலும் ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி, பிறகு மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, கடைசியில் 30ஆம் திகதி யாழ்ப்பாணம். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்டவர்கள். யாழ். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனித உரிமைகளுக்கான ஆசிரியர் அமைப்பு அந்த நேரத்திலேயே இதைப் பதிவு செய்து கண்டித்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்படி எழுதுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. அவர்களுக்கு எங்கள் சமூகம் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை.

இனி பேச்சுவார்த்தைக்கு வருவோம். 1994 ஒக்டோபரில் சந்திரிகா அரசின் தூதுக்குழு ஹெலிகொப்டரில் வந்து யாழ்ப்பாணத்திலேயே புலிகளைச் சந்தித்தது. 1995 ஏப்ரல்வரை நான்கு சுற்று. பொருளாதாரத் தடை, மீன்பிடி, பூநகரி முகாம், பாதை திறப்பு, எல்லாம் பேசினார்கள். எந்த நகரத்திலிருந்து எங்களை நான்கு வருடத்துக்கு முன் அனுப்பினார்களோ அதே நகரம். அந்த அரசில் புனர்வாழ்வுக்குப் பொறுப்பான அமைச்சரே மர்ஹூம் அஷ்ரப்தான். தூதுக்குழுவில் அவருக்கோ அவர் கட்சிக்கோ இடம் இருக்கவில்லை. அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான பேச்சு என்பதுதான் ஏற்பாடு. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு வானொலியில் கேட்கிற செய்தி மட்டும். 1995 ஏப்ரல் 19இல் திருகோணமலையில் கடற்படைப் படகுகள் தாக்கப்பட்டன. பேச்சு அதோடு சரி.

அதே வருடம் ஒக்டோபர் 30. வலிகாமத்துத் தமிழ் மக்கள் ஒரே இரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். திகதியைப் பாருங்கள். எங்கள் வெளியேற்றத்துக்குச் சரியாக ஐந்து வருடம். இதை அல்லாஹ்வின் தண்டனை என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அந்த இரவில் நடந்தவர்களில் 1990இல் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு தடவையும் நடக்கச் சொன்னவர்கள் நடந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இரண்டு நாட்களுக்கும் உள்ள ஒற்றுமை.

2002தான் முக்கியம். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெப்ரவரி 22ஆம் திகதி போர் நிறுத்த உடன்படிக்கை வெளிவந்தது. ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட ஆவணம், நடுவில் நோர்வே. அதன் முன்னுரையில் முஸ்லிம்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறார்கள். மோதலில் நேரடியாகப் பங்கு கொள்ளாத குழுக்களும் அதன் விளைவுகளை அனுபவிக்கின்றன, குறிப்பாக முஸ்லிம் மக்கள், எனவே மக்களினதும் அவர்களின் உடைமைகளினதும் பாதுகாப்புப் பற்றிய ஏற்பாடுகள் எல்லோருக்கும் பொருந்தும் என்பது அதன் கருத்து. நல்ல வரி. ஆனால் அதே ஆவணத்தில் கண்காணிப்புக் குழுக்கள் பற்றிய பகுதியைப் புரட்டுங்கள். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, ஆறு இடங்களில் உள்ளூர்க் குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். அரசு இருவர், புலிகள் இருவர், வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆசனம் எழுதப்படவில்லை. முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் அம்பாறையில்கூட இல்லை. அரசு மனம் வைத்தால் தன் இருவரில் ஒருவராக ஒரு முஸ்லிமை நியமிக்கலாம், அவ்வளவுதான். முன்னுரையில் அனுதாபம், ஏற்பாட்டில் இடமில்லை. இந்த முறைமை அடுத்த மூன்று வருடமும் திரும்பத் திரும்ப வந்ததைக் காண்பீர்கள்.

ஏப்ரல் 10இல் கிளிநொச்சியில் பிரபாகரனின் பெரிய பத்திரிகையாளர் மாநாடு நடந்தது. உலகம் முழுக்கப் பார்த்தது. வெளியேற்றத்தைப் பற்றிக் கேட்டபோது பதில் சொன்னது அன்ரன் பாலசிங்கம். அது ஓர் அரசியல் தவறு என்ற பொருளிலும், கடந்ததை மறந்து முன்னே போவோம் என்ற பொருளிலும் அவர் பேசினார். பன்னிரண்டு வருடத்தில் புலிகளின் உயர்மட்டத்திலிருந்து அப்படி ஒரு வார்த்தை பகிரங்கமாக வந்ததை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் மறந்துவிடுவோம் என்று யார் சொல்வது என்பதில் ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லும் உரிமை வீட்டை இழந்தவருக்குத்தான்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 13இல், ரவூப் ஹக்கீம் கிளிநொச்சிக்குப் போனார். பிரபா–ஹக்கீம் ஒப்பந்தம் என்று நாங்கள் சொல்வது அன்றைக்கு வந்த கூட்டறிக்கை. வடக்கு முஸ்லிம்கள் திரும்பி வருவது, கிழக்கில் முஸ்லிம்களிடம் கப்பம் வாங்குவதை நிறுத்துவது, விவசாயிகள் தங்கள் காணிகளுக்குப் போய்ச் செய்கை பண்ணுவது ஆகியவை அதில் இருந்தன. ஏ9 வீதி அந்த மாதம்தான் திறந்திருந்தது. புத்தளத்திலிருந்து வான் பிடித்து வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர். கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை, கிணற்றுக்குள் மரம். பார்த்துவிட்டு அதே வானில் திரும்பிப் போனார்கள். மிகச் சிலர் தங்கினார்கள். பள்ளிவாசலில் பாங்கு மீண்டும் கேட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கூட்டறிக்கையில் எந்தத் திகதிக்குள், யார் பணத்தில், யாருடைய பாதுகாப்பில் திரும்புவது என்று எதுவும் இல்லை. அதை மேற்பார்வை செய்ய ஒரு குழுவும் இல்லை. ஜூன் மாதமே மூதூரிலும் வாழைச்சேனையிலும் கலவரம் வெடித்தது. தாள் இரண்டரை மாதம் தாங்கவில்லை.

செப்டெம்பர் 16, தாய்லாந்தின் சத்தஹிப். மர்ஹூம் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மரணித்துச் சரியாக இரண்டு வருடம் நிறைந்த நாளில் முதல் சுற்றுப் பேச்சு தொடங்கியது. ஹக்கீம் அங்கே இருந்தார். எந்தப் பக்கத்தில்? ஜி.எல். பீரிஸ், மிலிந்த மொரகொடவோடு அரசாங்கத் தூதுக்குழுவின் ஓர் உறுப்பினராக. அமைச்சரவையில் கூட்டுப் பொறுப்பு உள்ள ஒருவர், தன் தூதுக்குழுத் தலைவர் சொல்வதற்கு மாறாக முஸ்லிம்களின் நிலைப்பாட்டை எப்படி மேசையில் வைப்பது? தனித்தரப்பு என்ற கோரிக்கை இங்கேதான் சூடுபிடித்தது. முஸ்லிம்களுக்குத் தனியான தூதுக்குழு வேண்டும், அரசின் வாலாகவும் அல்ல, தமிழ்த் தரப்பின் உப பிரிவாகவும் அல்ல என்பது.

அந்தக் கோரிக்கைக்கு இரண்டு பக்கத்திலும் தடை இருந்தது. புலிகளுக்கு "ஏகப் பிரதிநிதிகள்" என்ற நிலைப்பாடு. 2004 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பே அதை விஞ்ஞாபனத்தில் எழுதி ஏற்றுக்கொண்டது. தமிழருக்குள்ளேயே இரண்டாவது குரலுக்கு இடமில்லாத மேசையில் மூன்றாவது சமூகத்துக்கு எப்படி இடம் கிடைக்கும்? அரசுக்கும் வசதி வேறு. தனித்தரப்பு வந்தால் தன் பக்கத்தில் இருக்கும் ஒரு அமைச்சரையும் அவருடைய பாராளுமன்ற உறுப்பினர்களையும் எதிரில் உட்கார வைக்க வேண்டும். பெரும்பான்மை மெலிதான ஓர் அரசு அதை விரும்புமா? பொருத்தமான நேரத்தில் முஸ்லிம் தூதுக்குழு அழைக்கப்படும் என்று மட்டும் பேச்சில் இணங்கினார்கள். அந்தப் பொருத்தமான நேரம் வரவேயில்லை.

டிசெம்பரில் ஒஸ்லோ. ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அடிப்படையில் தீர்வை ஆராய்வோம் என்று இரு தரப்பும் சொன்ன புகழ்பெற்ற அறிக்கை. அந்த வாசகத்தில் மறுபடியும் அதே சொல் வந்தது: "தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடங்கள்". 1987இன் வார்த்தை பதினைந்து வருடம் கழித்து நோர்வேயில் வந்து உட்கார்ந்திருந்தது. எங்களையும் உள்ளடக்குகிற சொல் என்று தமிழ்த் தலைவர்கள் சொல்வார்கள். எங்களைக் கேட்காமல் உள்ளடக்குகிற சொல் என்று கிழக்கு இளைஞர்கள் சொன்னார்கள். 2003 ஜனவரி 29இல் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் திரண்டு, முஸ்லிம்கள் ஒரு தனித் தேசம், சுயநிர்ணய உரிமை உடையவர்கள் என்று ஒலுவில் பிரகடனம் செய்தார்கள். தேசம், சுயநிர்ணயம் எல்லாம் திம்புவில் பேசப்பட்ட சொற்கள்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்ற பாடத்தை அவரிடமே ஒப்புவித்தார்கள்.

இந்த இடத்தில் வடபுல முஸ்லிம் ஒருவருக்கு ஏற்படுகிற சங்கடத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒலுவில் கேட்டது கிழக்கின் கேள்வி. தென்கிழக்கு அலகு, காணி, பெரும்பான்மைத் தொகுதிகள். அஷ்ரப் அவர்கள் இந்தியாவின் பாண்டிச்சேரியைக் காட்டிப் பேசிய நிலத்தொடர்பற்ற மாகாணம்கூட அடிப்படையில் கிழக்கை மையமாக வைத்தது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பெரும்பான்மைத் தொகுதி எதுவுமில்லை, எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அலகு அல்ல. திரும்பிப் போக ஒரு பாதை, கூரைக்குப் பணம், காணி உறுதி, பிள்ளைக்கு உஸ்மானியாவிலோ கதீஜாவிலோ ஓர் இடம். வாக்கு வங்கி கிழக்கில் இருக்கிற கட்சி, தலைவர் கண்டியைச் சேர்ந்தவர், மேசை தாய்லாந்தில், பாதிக்கப்பட்டவர் புத்தளத்தில். வன்னியிலிருந்து நூர்தீன் மசூர், ரிஷாத் பதியுதீன் போன்ற இடம்பெயர்ந்தவர்கள் பாராளுமன்றம் போனார்கள். அந்த நேரத்தில் யாழ் மாவட்டத்துக்கு அதுவும் இல்லை. ஆகவே எங்களுக்குக் கதிரை இரண்டு தடவை மறுக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு மேசையில் இடமில்லை என்பது ஒன்று. முஸ்லிம்களின் கோரிக்கைப் பட்டியலில் யாழ்ப்பாணம் கடைசி வரியில் இருந்தது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் புலிகளையும் அரசையும் நோர்வேயையும் குறை சொல்லலாம். இரண்டாவதற்கு எங்கள் கட்சிகளைத்தான் கேட்க வேண்டும்.

கட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, எல்லோருக்கும் தெரியும். அஷ்ரபுக்குப் பிறகு தலைமைக்கு நடந்த இழுபறியில் முஸ்லிம் காங்கிரஸ் உடைந்தது, உடைந்தது மீண்டும் உடைந்தது. தனித்தரப்பு கொடுத்திருந்தால் அதற்கு யார் தலைமை என்பதில் ஒரு மாதம் சண்டை பிடித்திருப்பார்கள் என்று கேலி பண்ணுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

வெளிநாட்டில் வேறு வழி இருந்ததா? இருந்தது. வட அயர்லாந்தில் 1996இல் பேச்சுக்கு முன்பே ஒரு தேர்தல் வைத்தார்கள். முதல் பத்து இடங்களுக்குள் வருகிற எந்தக் கட்சிக்கும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இரண்டு ஆசனம் நிச்சயம் என்பது விதி. அந்த விதியால்தான் தேர்தலுக்குச் சற்று முன் தொடங்கப்பட்ட மகளிர் கூட்டணி, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு வீத வாக்கோடு பேச்சு மேசைக்கு வந்தது. 1998 பெரிய வெள்ளி உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய பகுதிக்கு அவர்கள் வாதாடினார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்களின் சண்டையைத் தீர்ப்பதற்கு ஆயுதம் இல்லாதவர்களையும் உட்கார வைத்தார்கள். எங்கள் நாட்டில் 2002இல் ஆயுதம் வைத்திருந்தவர்களே இரு தரப்பு. எங்கள் பையன்கள் அந்தக் கணக்கைச் சரியாகவே புரிந்துகொண்டு, துவக்கு இருந்தால்தான் கதிரை கிடைக்குமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் போகாமல் எங்கள் சமூகம் பெரும்பாலும் நின்றது. அதற்கு யாரும் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீதி இல்லை. பிலிப்பைன்ஸின் மின்டனாவோவில் மோரோ முஸ்லிம்களின் இயக்கமும் அரசும் 2014இல் முழுமையான உடன்படிக்கைக்கு வந்தன. அந்த எல்லைக்குள் வாழும் முஸ்லிம் அல்லாத பழங்குடிகள் எங்கள் காணி என்னவாகும், எங்களை யார் கேட்டார்கள் என்று அங்கே கேட்டார்கள். 2002இல் நாங்கள் கேட்ட அதே கேள்வி. அங்கே பதில் சொல்லும் இடத்தில் எங்கள் சகோதரர்கள்.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். 2003 ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். ஒக்டோபர் 31இல் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான வரைவை வெளியிட்டார்கள். அந்தத் திகதியையும் கவனியுங்கள், எங்கள் வெளியேற்றத்தின் பதின்மூன்றாம் வருடம் முடிந்த மறுநாள். அதன்படி சபையில் புலிகள் நியமிப்பவர்கள், அரசு நியமிப்பவர்கள், வடக்கு கிழக்கு முஸ்லிம் சமூகம் நியமிப்பவர்கள் என மூன்று வகை. புலிகளுக்கு அறுதிப் பெரும்பான்மை. முதன்முறையாக ஓர் ஆவணத்தில் எங்களுக்கு ஆசனம் எழுதப்பட்டது, நாங்கள் எதையும் தடுக்கவோ மாற்றவோ முடியாத ஆசனம்.

2004 டிசெம்பர் 26, சுனாமி. அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை என்று முஸ்லிம் ஊர்கள் அழிந்தன. நிவாரணத்தைப் பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூன் 24இல் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்திட்டார்கள். உயர்மட்டக் குழுவில் அரசுக்கு ஒன்று, புலிகளுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. இருபது வருடத்தில் கிடைத்த மிக நல்ல கணக்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்திட்டது இரு தரப்பு மட்டுமே. யாருடைய ஆட்கள் மூன்று ஆசனத்தில் உட்காருவார்களோ அவர்களின் கையெழுத்தைக் கேட்கவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் எதிர்த்தது. தெற்கில் ஜே.வி.பி. வேறு காரணத்துக்காக எதிர்த்து நீதிமன்றம் போனது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் முக்கியமான பிரிவுகளை இடைநிறுத்தியது. ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. முஸ்லிம்கள் அந்த ஆசனங்களை ஏற்றிருக்க வேண்டுமா என்று எங்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. நான் ஏற்றிருக்க வேண்டும் என்ற கட்சி. கையெழுத்து இல்லாத ஆசனமும் உள்ளே இருந்து பேசக் கிடைத்த இடம்தான். என்னோடு கடுமையாக முரண்படுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், பின்னூட்டத்தில் வருவார்கள்.

அதற்குப் பிறகு பேச்சு என்று சொல்லக்கூடியது எதுவும் இல்லை. 2006இல் ஜெனீவாவில் இரண்டு தடவை சந்தித்தார்கள், அந்த இரண்டுக்கும் நடுவில் மூதூர் முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது, யாரும் யாரோடும் பேசி முடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் திரும்பத் தொடங்கியதும் அப்போதுதான். பேச்சுவார்த்தையின் பயனாக அல்ல, புலிகள் இல்லாமல் போனதன் பயனாக. அதனால்தான் எங்கள் மீள்வருகை பல தமிழ் நண்பர்களுக்கு வென்றவரோடு வந்தவர்களின் வருகையாகத் தெரிந்தது. 2003இல் ஓர் உடன்படிக்கையின்படி, தமிழ்த் தலைமை ஏற்று, திகதி குறித்து வந்திருந்தால் அந்தப் பார்வை இருந்திருக்காது. பொம்மைவெளியிலும் சோனகத் தெருவிலும் இன்று ஒரே காணியில் மூன்று குடும்பம் இருப்பதற்கும், 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று குடும்பமாக வந்தபோது மீள்குடியேற்றப் பட்டியலில் ஒரு குடும்பமாகவே எண்ணப்பட்டதற்கும் அந்தத் தவறிப்போன ஆறு வருடத்தோடு தொடர்பு உண்டு. பேச்சில் யாரும் எங்கள் சார்பில் உட்காராததால், உப குடும்பம் என்றால் என்ன என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. இன்றைக்குப் பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கிற தகப்பனுக்கு அது ஒரு சட்டப் பிரச்சினை.

2011இல் வெளிவந்த வடபுல முஸ்லிம்களுக்கான பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை எங்கள் கதையை ஒழுங்காகப் பதிவு செய்தது. தமிழ்த் தலைவர்களில் சுமந்திரன் போன்றவர்கள் வெளியேற்றத்தை இனச்சுத்திகரிப்பு என்று பகிரங்கமாகச் சொன்னார்கள், அதற்காக ஏச்சும் வாங்கினார்கள். இவை முக்கியம். ஆனால் 1994இலிருந்து 2005வரை எங்கள் ஆட்கள் பேச்சுக்காரர்களுக்கு எழுதியதெல்லாம் எங்கே? முகாம்களிலிருந்து மனு எழுதினார்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள் கடிதம் அனுப்பின, நோர்வேக்காரர்களைச் சந்திக்க ஆட்கள் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடிதங்களின் பிரதி புத்தளத்திலோ கற்பிட்டியிலோ நீர்கொழும்பிலோ யாருடைய இரும்புப் பெட்டியிலாவது இருக்கும். கையெழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, தொலைபேசியில் படம் எடுத்து உட்பெட்டிக்கு அனுப்புங்கள். 2002இல் கிளிநொச்சிக்குப் போய் வந்த யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் சொல்வதைக் குரல் பதிவாக எடுத்து வையுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் இவற்றைத் தட்டச்சு செய்து அடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். பாடசாலை விடுமுறைக்குள் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.